மஜலும் எத்தாப்பும்: முதுமலைக்கு ஒரு வழித்திட்டம்

பிரெஞ்சில் 'எத்தாப்' என்று ஒரு சொல் உண்டு. பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கேட்டிருக்கலாம். ஒரு நாளில் ஓட்டி முடிக்கும் தூரத்தை அங்கே எத்தாப் என்பார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்குத் தூரம் என்ற பொருளே கிடையாது. பண்டசாலை என்றுதான் பொருள். படை நடந்து போகும் வழியில் தானியமும் வைக்கோலும் சேமித்து வைத்த இடம் அது. பிறகு, படை அன்றிரவு தங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்கும் பிறகுதான் ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடம் வரையுள்ள தூரம் எத்தாப் ஆயிற்று.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இதை வகுப்பில் கற்றபோது ஏதோ வெள்ளைக்காரன் விநோதம் என்று நினைத்துக்கொண்டேன். பின்னாளில் அரசாங்க குமாஸ்தாவாகச் சேலம் ஜில்லாவுக்கு வந்து, பழைய கட்டுகளைப் புரட்டிய காலத்தில்தான் நம் தமிழிலும் அப்படியே ஒரு சொல் புழங்கியது தெரிந்தது. மஜல். 'மன்ஸில்' என்ற அரபுச் சொல்லின் வழியாக வந்தது. மஜல் என்றால் இறங்கித் தங்கும் இடம். மஜல் என்றால் ஒரு நாள் பயணத் தூரமும்தான். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள், தங்கும் இடத்துக்கும் போகும் தூரத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் அவை இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்பதுதான் காரணம். இரவு எங்கே இறங்கலாம் என்பது முடிவானால் பகலில் எவ்வளவு போகலாம் என்பது தானாக முடிவாகிவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பேரனுக்கு ஒன்பது வயது. தெப்பக்காட்டு யானைக் குட்டியையும் பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியதே, அதைப் பார்த்ததிலிருந்து "முதுமலைக்கு எப்ப தாத்தா?" என்ற கேள்வி ஓயவில்லை. பள்ளி விடுமுறையில் ஜலகண்டாபுரத்திலிருந்து காரிலேயே போய்வருவது என்று வீட்டில் முடிவாயிற்று. வழியும் தங்கலும் என் பொறுப்பு. நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். இரண்டு நாளில் அது வழித்திட்டமாக இல்லாமல் இருநூறு வருஷத்துக் கதையாகிவிட்டது.

நம் ஊரிலிருந்து முதுமலைக்கு மூன்று வழிகள். முதலாவது, நங்கவள்ளி, மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று போய், மாதேஸ்வரன் மலை ஏறி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகத் தெப்பக்காடு. இரண்டாவது, மேட்டூரிலிருந்து காவிரியின் மேற்குக் கரையோடு நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, பிறகு அந்தியூர், சத்தியமங்கலம், பண்ணாரி. அங்கிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி, சாம்ராஜ்நகரில் முதல் வழியோடு சேர்வது. மூன்றாவது, சத்தியமங்கலத்திலிருந்து மலையேறாமல் மேட்டுப்பாளையம் போய், கோத்தகிரி அல்லது குன்னூர் வழியாக ஊட்டி. அங்கிருந்து கூடலூர் இறங்கி முதுமலை. எந்த வழியானாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

முதல் வழி பழமையான வழி. மைசூர் மேட்டிலிருந்து நம் பக்கம் இறங்கக் காவேரிபுரம் கணவாய் என்று ஒன்று இருந்தது. கொளத்தூர்ப் பக்கத்துக் காவேரிபுரம்தான். திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த மறு வருஷம், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவின்பேரில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். என்ன பயிர், என்ன கூலி, எந்த மண் என்று எழுதிக்கொண்டே போனவர். 1800-ல் இந்தக் கணவாய் வழியாகத்தான் கோயமுத்தூர்ச் சீமைக்கு இறங்கினார். அவருடைய பயண நூல் 1807-ல் வெளியாயிற்று. அதைப் படிக்கும்போது ஒன்று கவனித்தேன். நாள் ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரால் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கு இந்த ஊரில் இறங்கினேன், நாளைக்கு அடுத்த ஊர். மஜல் கணக்குதான்.

மாட்டு வண்டியும் மூட்டை முடிச்சுமாகப் போனால் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மைல். அந்தக் கணக்கில் ஜலகண்டாபுரத்திலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வாரம் ஆகும். பதினான்கு இரவு என்றால் பதினான்கு தங்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒன்று தப்பினாலும் காட்டில் படுக்க வேண்டியதுதான்.

அந்தப் பாதையின் முகத்தை மேட்டூர் அணை மாற்றியது. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. நீர் தேங்கியதும் ஆற்றோரத்துப் பழைய ஊர்கள் பல உள்ளே போயின. பண்ணவாடியில் தண்ணீர் வற்றும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும்; அதைப் பார்க்கக் கூட்டம் போகும். பிறகு என் உத்தியோக காலத்தில் அந்தப் பாதையை வேறொன்று மூடியது. அது வீரப்பன் பயம். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2000-ல் நடிகர் ராஜ்குமாரைத் தாளவாடிப் பக்கத்துக் காஜனூரிலிருந்து கடத்தி, 108 நாள் காட்டில் வைத்திருந்தார்கள். அந்த வருஷங்களில் மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. அதற்குப் பிறகுதான் நம் பக்கத்துக் கார்கள் அந்தப் பாதையில் தாராளமாகப் போக ஆரம்பித்தன.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். திம்பம் சாலை வருவதற்கு முன்னால், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மைசூருக்கு ஏற கஜலெட்டிக் கணவாய் இருந்தது. மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய வழி. ஹைதர் அலியின் படைகளும் திப்புவின் படைகளும் கோயமுத்தூர்ச் சமவெளிக்கு இறங்கிய வாசல் அது. 1790 செப்டம்பரில் திப்பு அந்தக் கணவாய் வழியாகத் திடீரென இறங்கி, சத்தியமங்கலத்தில் முகாமிட்டிருந்த கர்னல் ஃப்ளாய்டின் படையைத் திணறடித்தார். கணவாயின் அடிவாரப் பக்கம் தணாயக்கன்கோட்டை. படைக்கும் வியாபாரிக்கும் அது ஒரு முக்கிய மஜல். இன்று அந்தக் கோட்டை பவானிசாகர் அணையின் நீருக்கடியில் இருக்கிறது. அணை 1955-ல் முடிந்தது. ஆக, முதல் வழியின் பழைய ஊர்கள் மேட்டூர் நீரில், இரண்டாவது வழியின் பழைய மஜல் பவானிசாகர் நீரில்.

மூன்றாவது வழியும் தணாயக்கன்கோட்டையில்தான் தொடங்குகிறது. 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் அங்கிருந்துதான் நீலகிரிக்கு ஏறினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு, அடுத்த வருஷம் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினார். அதே 1819-ல் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரரும் மலைக்குப் போனார். லெஷனோ த லா தூர் என்ற தாவரவியலாளர். சமவெளிக் காய்ச்சலில் நைந்துபோயிருந்தவர் மலைக்காற்றில் தேறினார் என்பது அவரே எழுதிய செய்தி. உடம்பு தேற நீலகிரிக்குப் போகலாம் என்ற பேச்சு பரவியதில் எங்கள் ஊர் மனிதருக்கும் பங்கு உண்டு என்று புதுச்சேரிக்காரனாக எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்குள் ஊட்டி கவர்னர் ஜெனரலே வந்து தங்கும் ஊராகிவிட்டது. 1834-ல் பெண்டிங்க் பிரபு ஊட்டியில் இருந்தபோது, அவரைப் பார்க்க மெக்காலே சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக வந்தார். ஏறத்தாழ நானூறு மைல், முழுக்கப் பல்லக்கில். பல்லக்குத் தூக்குகிறவர்கள் மஜலுக்கு மஜல் மாறுவார்கள். அடுத்த இடத்தில் ஆள் தயாராக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தபால் போகும். அந்தக் காலத்து 'புக்கிங்' அதுதான். அறைக்கு அல்ல, தோளுக்கு.

இனி தங்குமிடத்தின் கதை. நம் நாட்டில் வழிப்போக்கனுக்கு முதலில் இருந்தது சத்திரம். ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும் நினைவுக்கு வரும். சத்திரத்துக்கும் சத்திரத்துக்கும் நடுவே சுமைதாங்கிக் கல். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நிறுத்தி வைப்பது நம் பக்கத்து வழக்கம். தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். கம்பெனி அரசாங்கம் வந்ததும், சத்திரங்களையும் அவற்றின் மானிய நிலங்களையும் 1817-ஆம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷன் மூலம் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது.

வெள்ளைக்காரர்கள் சத்திரத்தில் தங்கமாட்டார்கள். அவர்களுக்காக முசாபரி பங்களா வந்தது. அதுவே டிராவலர்ஸ் பங்களா, சுருக்கமாக டி.பி. காட்டுக்குள் வன இலாகா தன் பங்குக்கு ஓய்வு விடுதிகள் கட்டியது. ரேஞ்சரும் டி.எஃப்.ஓ.வும் குதிரையில் போய்ப் பொழுதோடு இறங்கும் தூரத்தில் அடுத்த விடுதி இருக்க வேண்டும் என்ற கணக்கில் கட்டியவை. முதுமலைக் காடு நிலம்பூர் திருமுல்பாட்டுக்குச் சொந்தமானது; 19-ஆம் நூற்றாண்டில் மரம் வெட்டுவதற்காகச் சர்க்கார் அதைக் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய தேக்கை இழுக்க யானைகள் வேண்டும். தெப்பக்காட்டு முகாம் அதற்காக ஏற்பட்டது. இன்று பேரன் பார்க்க ஆசைப்படும் இடம், ஒரு காலத்தில் மரம் இழுத்த யானைகளின் கொட்டாரம்.

உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு டி.பி.யின் பதிவேடு சில வருஷம் என் கையில் இருந்தது. பெயர், பதவி, வந்த தேதி, நேரம், புறப்பட்ட நேரம், அலுவலா சொந்த வேலையா, கட்டிய தொகை, ரசீது எண். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. அரசாங்க வேலையாக வரும் அதிகாரிக்குத்தான் முதல் உரிமை. சொந்த வேலையாக வந்தவர் முன்பணம் கட்டியிருந்தாலும் அதிகாரி வந்தால் காலி செய்ய வேண்டும். ஒரு மழை இரவில் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தை, பத்து மணிக்கு மேல் வந்த ஓர் அதிகாரிக்காக எழுப்பி வெளியே அனுப்பினார்கள். அவர்கள் விடியும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டில் அவர்கள் புறப்பட்ட நேரம் இரவு 10-20 என்று இருந்தது. வராந்தாவுக்குப் பத்தி கிடையாது. தங்குமிடம் என்றால் கூரை மட்டும் இல்லை, யாரும் எழுப்பாத உறக்கமும் அதில் சேர்த்தி என்று அன்றைக்குத் தோன்றியது.

இனி தேசியப் பூங்கா. பூங்கா என்றால் நமக்குப் புல்தரையும் ஊஞ்சலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஐரோப்பாவில் 'பார்க்' என்ற பிரெஞ்சுச் சொல், வேட்டை மிருகங்களை அடைத்து வளர்க்க வேலியிட்ட நிலத்தைக் குறித்தது. ராஜாவின் வேட்டைக்காடு. அந்தச் சொல்லைக் குடிமக்களுக்குச் சொந்தமாக்கியது அமெரிக்கா. 1872-ல் யெல்லோஸ்டோன் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆரம்பத்தில் அங்கே குதிரை பூட்டிய கோச்சு வண்டியில் ஐந்து நாள் சுற்று. ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு ஹோட்டல் வரும். அங்கேயும் எத்தாப் கணக்குதான். 1915-ல் கார்களை உள்ளே விட்டார்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கட்டத்தைத் தாண்டிப் போக முடிந்ததும், இடைவழியில் இருந்த ஃபவுண்டன் ஹோட்டலுக்கு ஆள் வருவது நின்றது. ஓரிரு வருஷத்தில் அதை மூடிவிட்டார்கள். கார் வந்து, தங்குமிடத்தைத் தூரத்திலிருந்து பிரித்துவிட்டது.

இங்கேயும் அதே கதை. மைசூர் மகாராஜா 1941-ல் வேணுகோபால வனவிலங்குப் பூங்கா அமைத்தார். அதிலிருந்து வந்ததுதான் பந்திப்பூர். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. முதுமலை 1940-ல் சரணாலயம் ஆயிற்று. 1990-ல் அதில் ஒரு பகுதி, சுமார் 103 சதுர கிலோமீட்டர், தேசியப் பூங்கா. 2007-ல் புலிகள் காப்பகம். இந்த அறிவிப்புகளுக்கு நடுவிலேயே சாலைகளும் அகலமாகிக்கொண்டு வந்தன. ஊட்டியிலிருந்து மைசூருக்கும், கேரளத்திலிருந்து மைசூருக்கும் ராத்திரி முழுக்க லாரியும் பஸ்ஸும் காட்டைக் கிழித்துக்கொண்டு ஓடின. சேலத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறினால் விடியற்காலை மைசூர். நடுவில் என்ன ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை. பழைய மஜல்களில் டீக்கடை மட்டும் மிஞ்சியது.

பாதையில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் கணக்கு ஏற ஏற, 2009-ல் பந்திப்பூர் வழியாகப் போகும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடை செய்தார்கள். கேரளமும் கர்நாடகமும் இதற்காக வழக்காடிய கதை தனி. தடை நிற்கிறது. பிறகு திம்பம். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவில் வண்டி ஓடக் கூடாது; கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்கே இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள். 2018-ல் வெளியூர்க் கார் ஒன்று கவிழ்ந்து, இரண்டு நாள் கழித்தே தெரியவந்த விபத்துக்குப் பிறகு, வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. 2024 மே முதல் நீலகிரிக்குள் நுழையவே இ-பாஸ் வேண்டும். அடுத்த வருஷக் கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது.

இத்தனையையும் நோட்டில் எழுதிக் கோடிட்டுப் பார்த்தபோது, புக்கானன் காலத்துக் கணக்கு திரும்பி வந்திருப்பது தெரிந்தது. மாலைக்குள் எந்த வாசலைத் தாண்ட முடியும், தாண்டாவிட்டால் எந்தப் பக்கம் படுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. தங்கும் இடம் முதலில், தடம் பிறகு. அந்த நாளில் புலிக்குப் பயந்து மனிதன் பொழுதோடு இறங்கினான். இன்று புலியை உத்தேசித்துச் சட்டம் அவனை இறக்குகிறது.

தங்கும் இடம் எது என்பதில்தான் வீட்டில் பேச்சு வளர்ந்தது. மருமகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மசினகுடிப் பக்கம் ஓடையோரத்தில் ஓட்டுக் கூரை வீடு, முன்னால் மூங்கில் நாற்காலி. "இங்க பாருங்க மாமா, ரூம் வாசல்லயே யானை வருமாம். பையன் எவ்வளவு சந்தோஷப்படுவான்! விலையும் குறைச்சல்தான்." பேரன் துள்ளினான். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யானை பார்க்கத்தானே போகிறோம்.

நான் கேட்டது ஒன்றுதான். வாசலுக்கு யானை எதற்கு வருகிறது?

மசினகுடி இருப்பது சீகூர் மேட்டில். தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு, வடக்கே மாயாற்றின் ஆழமான பள்ளம். நடுவே ஒரு குறுகலான தரை. வயநாடு, நிலம்பூர், முதுமலைக் காடுகளில் இருக்கும் யானை, மழையையும் புல்லையும் தேடிக் கிழக்கே சத்தியமங்கலத்துக் காடுகளுக்கும், அதற்கு அப்பால் மாதேஸ்வரன் மலைக்கும் காவிரிக் கரைக்கும் போக வேண்டுமானால் இந்தத் தரையில்தான் நடக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவிலுள்ள பாலம் இது. யானைக்கும் மஜல் உண்டு. இந்த மாதம் இந்த ஓடை, அடுத்த மாதம் அந்தப் பள்ளம். கிழவி யானைக்குத் தெரிந்த வழி, குட்டிக்குப் பழக்கமாகும் வழி. அந்த மஜல் ஒன்றில் ஒருவர் மின்வேலி போட்டு, ஓட்டுக் கூரை கட்டி, வாடகைக்கு விட்டால், வாசலுக்கு யானை வரத்தான் செய்யும். அது வந்தது நம்மைப் பார்க்க அல்ல, தன் வழியே போக.

இது என் கற்பனை இல்லை. தமிழ்நாடு அரசு 2010-ல் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விடுதிக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, தனித்தனிக் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அங்கே நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்கிறவர்களுக்கும், விடுதி வேலையை நம்பிய உள்ளூர்க்காரர்களுக்கும் இதில் வருத்தம் இருக்கிறது; அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதியை நெருங்கி வந்த யானை மீது எரியும் பொருளை வீசி விரட்டிய காட்சியை நாடே பார்த்தது. காதில் தீக்காயம் பட்ட அந்த ஆண் யானை, சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தது.

இதை மருமகளிடம் சொன்னேன். பேரன் முன்னால் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை. அவள் சிறிது நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்க தங்கறது மாமா?" என்றாள்.

வரைபடத்தை விரித்து மூன்று வழிகளையும் யானையின் வழியையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். யானை முதுமலையிலிருந்து கிழக்கே காவிரி வரை போகிறது. நாம் காவிரியிலிருந்து மேற்கே முதுமலை வரை போகிறோம். பாலாற்றிலோ, திம்பத்திலோ, மசினகுடியிலோ எங்காவது ஓரிடத்தில் நம் சாலை அதன் வழியைக் குறுக்கே வெட்டத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. பகலில் வெட்டிவிட்டுப் போய்விடலாம். அதன் மேல் படுக்காமல் இருக்கலாம். அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை.

முடிவான திட்டம் இது. முதல் நாள் காலை ஆறு மணிக்கு ஜலகண்டாபுரம்; மேட்டூர், அம்மாபேட்டை, அந்தியூர் வழியாகச் சத்தியமங்கலம். அங்கே டிபன். பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெயில் இருக்கும்போதே திம்பம். வீட்டம்மாவுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது; எலுமிச்சம்பழம் கையில், முன் சீட் அவளுக்கு. சாம்ராஜ்நகர் தாண்டி, மாலைக்குள் குண்டுலுப்பேட்டை. சாதாரண ஊர், சாதாரண லாட்ஜ், ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு. பேரனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்கட்டும்.

இரண்டாம் நாள் காலையில் பந்திப்பூர்ச் சாலை. நடுக்காட்டில் வண்டியை நிறுத்துவது கிடையாது. கக்கனல்லா செக்போஸ்ட்டில் இ-பாஸ் காட்ட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கூடாது, ஆகவே பித்தளைச் செம்பும் எவர்சில்வர் பாட்டிலும். தெப்பக்காட்டில் முகாம் யானைகளுக்குக் கவளம் கொடுப்பதைப் பார்ப்பது, வன இலாகா வண்டியில் ஒரு சுற்று. இரவு தங்க, வன இலாகாவின் ஓய்வு விடுதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் கூடலூர். மூன்றாம் நாள் நடுவட்டம், ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், வீடு.

பேரன் நோட்டை வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு நாளுக்கும் தலைப்பில் 'மஜல் 1', 'மஜல் 2' என்று எழுதியிருந்தேன். "இது என்ன தாத்தா ஸ்பெல்லிங் மிஸ்டேக்?" என்றான். சொன்னேன். அதற்குப் பக்கத்திலேயே அவன் பென்சிலால் ஒரு யானை வரைந்து, அதன் காலடியில் 'யானை மஜல்' என்று எழுதி வைத்திருக்கிறான். அதை அழிக்கவில்லை. வனத்துறையிடமிருந்து விடுதிக்கான பதில் இன்னும் வரவில்லை.